பாராட்டுக்குப் போன நிமிடங்கள்

சட்டமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் பேசக் கூடாது. கை தட்டக் கூடாது. கால்மேல் கால் போட்டு உட்காரக் கூடாது. கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். இந்த விதிகளையெல்லாம் பழுதின்றிக் கடைப்பிடித்தபடி, ஒரு கோடைக் காலையில் நாங்கள் மூவர் அங்கே அமர்ந்திருந்தோம்.

எனக்கு வலப்பக்கம் கஸ்தூரி அக்கா. தியாகராய நகரின் கடை ஊழியர் சங்கத்துக்குச் செயலாளர். இடப்பக்கம் செல்வி. ரங்கநாதன் தெருவின் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்து, வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர். நடுவில் நான். சங்கத்தின் கோரிக்கைகளை அரசியல்வாதிகளின் காதுகளில் கொண்டுசேர்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன்.

அன்று தொழிலாளர் துறை மானியக் கோரிக்கை மீதான விவாதம். கீழே எங்கள் உறுப்பினர் எழுந்தார். அவருடைய பெயர் இங்கே வேண்டாம். தொகுதியில் எல்லோரும் அழைப்பதுபோல் அண்ணன் என்றே நானும் எழுதுகிறேன். அவர் கையிலிருந்த உரை நான் எழுதியது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் வாக்கியத்தைச் சொன்னார். பின்வரிசையில் யாரோ மேசையைத் தட்டினார். அது அடுத்த வரிசைக்குப் பரவி, முன்வரிசையை எட்டி, அவை முழுவதும் தகரக் கூரையில் விழும் மழையாக மாறியது.

செல்வி என் சட்டைக் கையைத் தொட்டார். குரலை முடிந்தவரை அடக்கிக்கொண்டு கேட்டார்:

“நம்ம விசயத்துக்குத்தான் தட்டுதாவளா சார்?”

“இன்னும் அந்த இடம் வரலை. வரும்” என்றேன்.

அந்த ‘வரும்’ என்ற சொல்லை நான் எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது. உறுதியாகச் சொல்வதற்குத்தான் நான் பயிற்சி பெற்றவன்.

குக்கர் விசிலும் எச்சரிக்கை மணியும்

பேச்சுப் போட்டிகளில் தோற்றதே இல்லை என்று சொன்னால் அது தற்பெருமை. தோற்றவை நினைவில் தங்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறைதான் என் முதல் மேடை. அம்மா குக்கரை ஏற்றும்போது நான் தொடங்குவேன். முதல் விசில் எச்சரிக்கை மணி; இரண்டாவது விசில் இறுதி மணி. “ரெண்டாவது வந்தாச்சு, முடிச்சுக்கோடா” என்பார் அம்மா. வாக்கியத்தின் நடுவில் விசில் வந்தாலும், அந்த வாக்கியத்தையே முடிவுரையாக்கி நிறுத்தும் வித்தை எனக்கு அப்படித்தான் கைவந்தது.

கல்லூரிகளுக்கு இடையிலான சொற்போர்களில் மற்றவர்கள் நடுவரையும் முதல்வரையும் துறைத் தலைவரையும் தனித்தனியே விளித்துப் பாதி நேரத்தைத் தொலைப்பார்கள். நான் எல்லோரையும் ஒரே வாக்கியத்தில் வணங்கிவிட்டு நேராகப் பொருளுக்குள் இறங்குவேன். அதனாலேயே பரிசு பெற்றேன். காலத்தை வெல்பவனே களத்தை வெல்வான் என்று ஒரு மேடையில் முழங்கியதும் உண்டு. அப்போது எனக்கு வயது குறைவு. களம் என்றால் ஒரு கல்லூரி அரங்கம், அவ்வளவுதான்.

கஸ்தூரி அக்கா என்னைக் கண்டெடுத்தது ஒரு மே தினப் பட்டிமன்றத்தில். அவர் நொச்சிக்குப்பத்துக்காரர், பல ஆண்டுகள் பாண்டி பஜாரில் ஒரு கடையில் விற்பனையாளராக நின்றவர். நான் இறங்கி வந்ததும் வழியை மறித்துக்கொண்டு, “இன்னா நைனா, மைக்கு கீதுன்னா இந்தப் பேச்சு பேசுறியே. மைக்கு இல்லாத ரூம்ல, எங்களுக்காகப் போய் பேசுவியா?” என்றார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் என் தொழில் பிறந்தது.

மைக் இல்லாத அறைகளில் பேசுவது என்பது உண்மையில் காத்திருப்பது. பொன்னாடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உதவியாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டு, சோபாவின் நுனியில் அமர்ந்து காத்திருப்பது. உள்ளே அழைத்தால் பொன்னாடையைப் போர்த்த வேண்டும்; புகைப்படத்துக்கு நிற்க வேண்டும்; மனுவைக் கொடுக்க வேண்டும். பேச வேண்டிய நேரத்தில் அடுத்த குழு பொன்னாடையோடு உள்ளே வந்துவிடும்.

ஆய்வு நாளில் மட்டும்

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. செல்வி வேலை பார்த்த கடையிலும் ஸ்டூல்கள் வந்தன. வந்த ஸ்டூல்களின் மேல் சேலைக் கட்டுகளை அடுக்கினார்கள்.

அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாளில் மட்டும் கட்டுகள் இறங்கும். அன்று எல்லோரும் உட்கார வேண்டும் என்பது சூப்பர்வைசரின் உத்தரவு. “அன்னைக்கு உக்காராட்டிதான் ஏசுவாவ சார்” என்று செல்வி சொன்னபோது கஸ்தூரி அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். செல்வி சிரிக்கவில்லை. அவர் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

பண்டிகை நெரிசல் ஓய்ந்த ஒரு பிற்பகலில், பாதம் வீங்கி, செருப்பு உள்ளே போகாத நிலையில், ஆய்வு இல்லாத நாளொன்றில் அவர் உட்கார்ந்தார். மேலே கேமரா இருந்தது. மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சங்கம் கேட்டதற்கு, அந்தப் பெண் தானாகவே நின்றுவிட்டார் என்று நிர்வாகம் பதில் சொன்னது.

வேலை போனால் விடுதியும் போகும். தென்மாவட்டங்களிலிருந்து வரும் பெண்களைக் கடைகளே விடுதியில் தங்கவைக்கின்றன. செல்வி தென்காசிப் பக்கத்துக்காரர். தன் தங்கை முத்துவையும் அவரே அழைத்து வந்து அதே கடையில் சேர்த்திருந்தார். அக்கா இருக்கிறாள் என்ற ஒரே தைரியத்தில்தான் வீட்டில் அவளை அனுப்பினார்கள். இப்போது அக்கா வெளியே; தங்கை உள்ளே. நிறுத்தப்பட்டவரோடு பேசினால் உனக்கும் இதே கதிதான் என்று முத்துவிடம் விடுதியில் சொல்லியிருந்தார்கள்.

கஸ்தூரி அக்கா செல்வியை நொச்சிக்குப்பத்தில் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். செல்விக்கு இழப்பீடு வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். “முத்து ராத்திரி தனியாப் படுக்கப் பயப்படுவா சார். நான் திரும்ப உள்ள போயிட்டாப் போதும்” என்பதுதான் அவருடைய கோரிக்கை முழுவதும். என் தொழிலில் நான் கேட்ட கோரிக்கைகளிலேயே இதைவிடச் சுருக்கமானது இல்லை.

துறை அலுவலகத்தில் சங்கம் கொடுத்த மனு கிடந்தது. அது தானாக நகராது என்று கஸ்தூரி அக்காவுக்கு அனுபவம் சொல்லியது. உறுப்பினர் ஒருவர் அவையில் கேட்க வேண்டும். அமைச்சர் தம் பதிலுரையில் ஆவன செய்யப்படும் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் போதும். மறுநாளே அதிகாரிகள் கடைக்குத் தொலைபேசியில் பேசுவார்கள். அந்தத் துறைக்கான விவாதம் அந்தக் கூட்டத்தொடரில் ஒரே நாள்தான். தவறினால் பல மாதங்கள்.

அதுவரை செல்வி வேறு கடையில் சேரவும் கூடாது. சேர்ந்தால், தானாக நின்றார் என்ற நிர்வாகத்தின் கூற்று மெய்யாகிவிடும். அதே தெருவில், பழைய கடைக்கு எதிர்ச் சாரியிலேயே ஒரு கடையில் ஆள் கேட்டார்கள். செல்வி எங்களை நம்பி மறுத்துவிட்டார்.

மரபு

அண்ணன் நல்லவர். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. செல்வியை எதிரே உட்காரவைத்து, காபி வரவழைத்து, முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் என்னைப் பார்த்தார்.

“பேசிடலாம் தம்பி. நீயே எழுதிக் குடுத்துடு. ஆனா மொதல்ல தலைவர், அப்புறம் அமைச்சர், அதுக்கப்புறம் இந்தப் பொண்ணு. அது மரபு.”

செல்வியை முதலில் வைத்தால் என்ன என்று கேட்டேன். நேரம் போதாமற் போனால் பாராட்டைக் குறைத்துக்கொள்ளலாமே என்றேன்.

அவர் சிரித்தார். “பொண்ணப் பத்திப் பேசலன்னா நீ மட்டும்தான் கேப்ப. தலைவரப் பத்திப் பேசலன்னா எல்லாரும் கேப்பாங்க.”

எழுதினேன். மயிலாப்பூரிலிருந்து கிளம்பும் பேருந்துகளிலும், சங்க அறையின் மாடிப்படியிலும் அமர்ந்து எழுதினேன். கட்சித் தலைவரைப் பாராட்டும் பகுதியைச் சுருக்கமாகவே அமைத்தேன். ஆனால் எனக்குச் சுமாராக எழுத வராது. எதுகையும் மோனையும் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு வந்தன. ஒவ்வொரு வாக்கியமும் மேட்டில் ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, தலைவரின் பெயரில் இறங்கியது. அந்தப் பகுதியில் இன்றும் என்னால் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது.

செல்வியின் பகுதியில் அணிகள் இல்லை. ஒரு பெண் உட்கார்ந்தாள், வேலை போயிற்று, அவளைத் திரும்பச் சேர்க்க அமைச்சர் ஆவன செய்ய வேண்டும். அவ்வளவுதான். சுருக்கமே வலிமை என்று நினைத்தேன்.

இரண்டையும் உரக்கப் படித்துப் பார்த்தேன். குக்கர் இல்லாமலே என் காதுக்குள் விசில் கேட்கும். முதல் மணிக்கு முன்பே செல்வி வந்துவிடுவார். நேரம் மிச்சமாகவும் இருந்தது.

நான் படித்துப் பார்த்தது என் வீட்டு அறையில். அங்கே தட்டுவதற்கு மேசைகள் இல்லை.

தட்டியவர்கள்

கைதட்டலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அரங்கில் ஒருவர் கை தட்டுகிறார் என்றால், கேட்டிருக்கிறார் என்று பொருள். அவையில் மேசையைத் தட்டுபவர் கேட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. பெயர் காதில் விழுந்தால் கை தானாக மேசைக்குப் போகும். பக்கத்தில் இருப்பவர் தட்டும்போது தான் தட்டாமல் இருப்பது ஆபத்து. முதலில் நிறுத்துவது அதைவிட ஆபத்து. எனவே ஒலி எளிதில் அடங்காது.

இன்னொரு வழக்கமும் உண்டு. மேடையில் ஒரு வரிக்குத் தட்டல் விழுந்தால், பேச்சாளர் அதை இன்னொரு முறை சொல்வார். நான் சொல்லியிருக்கிறேன். சொல்லாத மேடைப் பேச்சாளரை நான் பார்த்ததில்லை.

அண்ணன் மேடையிலிருந்து அவைக்கு வந்தவர். முதல் வாக்கியத்துக்குத் தட்டல் எழுந்தது. நிறுத்திக் காத்திருந்து, “மீண்டும் சொல்கிறேன்” என்று அதையே சொன்னார். மீண்டும் தட்டினார்கள். இரண்டாவது வாக்கியத்துக்கு முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இத்தனை ஆண்டுகளில் அவருக்கு யாரும் இப்படித் தட்டியதில்லை. அவர் அவசரப்படவில்லை. பசித்தவர் இலையைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு வரியையும் பார்த்து, நிதானமாக எடுத்துக்கொண்டார்.

கஸ்தூரி அக்கா குனிந்து என் காதருகே, “இன்னா, அங்கயே நின்னுக்கினு கீறாரு?” என்றார்.

தலைவர் பகுதி முடிந்து அமைச்சர் பகுதி தொடங்கியிருந்தது. அமைச்சருக்கான உவமையும் என்னுடையதுதான். அதற்கும் தட்டினார்கள். முதல் மணி அடித்தது.

மணியின் ஒலியை என்னைப்போல் அறிந்தவர்கள் குறைவு. முதல் மணிக்கும் இறுதி மணிக்கும் இடையில் எத்தனை சொற்கள் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். செல்வியின் பகுதி அதற்குள் அடங்கும். ‘இப்போது, இப்போது’ என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் தாளைப் புரட்டினார். “அடுத்ததாக, தியாகராய நகரில்…” என்று தொடங்கினார். என் முதுகு நிமிர்ந்தது. செல்வி இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் பக்கத்து இருக்கையிலிருந்தவர் ஏதோ சொல்ல, அண்ணன் திரும்பினார். தலைவரைப் பற்றிய முதல் வரியை இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும். அண்ணன் மறுப்பாரா? சொன்னார். மழை மறுபடியும் பெய்தது. அதன் நடுவே இறுதி மணி அடித்தது. முடித்துக்கொள்ளும்படி அவைத்தலைவர் கையசைத்தார்.

“வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன்” என்று சொல்லி அண்ணன் உட்கார்ந்தார்.

மாலையில் அமைச்சர் பதிலுரைத்தார். எங்கள் உறுப்பினரின் செந்தமிழைச் சிலாகித்தார். கேட்கப்படாத கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்வார்?

கடற்கரைச் சாலையில்

திரும்பும்போது பேருந்தில் கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு மூவரும் நின்றோம். அடுத்த கூட்டத்தொடரில் முதல் ஆளாக எழுப்பிவிடலாம் என்று அண்ணன் சொன்னதை நான் செல்வியிடம் சொன்னேன். சொல்லும்போதே அந்த வாக்கியம் என் வாயில் உதிர்ந்துகொண்டிருந்தது.

செல்வி கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, யாரையும் குறை சொல்லாத குரலில், “அவியளாவது உக்காந்தாவ” என்றார்.

நொச்சிக்குப்பம் நிறுத்தத்தில் கஸ்தூரி அக்கா செல்வியை முன்னால் இறக்கிவிட்டுத் திரும்பினார். “உம்மேல கோவம் இல்ல நைனா. சுமாரா எழுதியிருந்தா யாரும் தட்டியிருக்க மாட்டாங்க.” சாலையோரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு இடையே இருவரும் நடந்து மறைந்தார்கள்.

இதுவரை எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதற்கு மட்டுமே என்னிடம் மறுப்புரை இல்லை.

அடையாற்றில் ஒரு நாற்காலி

அந்தப் பாராட்டுப் பகுதி மட்டும் வெட்டப்பட்டு எல்லோருடைய கைப்பேசிக்கும் போனது. தலைவரே அழைத்துப் பேசினார் என்று அண்ணன் தழுதழுத்தார். எழுதியது யார் என்று விசாரித்தவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். அடையாற்றில் ஓர் அரசியல் ஆலோசனை நிறுவனம் எனக்கு வேலை கொடுத்தது. குளிரூட்டிய அறை; சுழலும் நாற்காலி; சாய்ந்தால் அதுவும் கூடவே சாயும்.

சங்கத்துக்கு இனிமேல் பெரிய இடத்திலிருந்து உதவலாம் என்று எனக்கு நானே வாதிட்டேன். எதிர்த்தரப்பில் பேச ஆள் இல்லாததால் எளிதில் வென்றேன்.

இப்போது பல உறுப்பினர்களுக்கு எழுதுகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது பாராட்டைத்தான். கோரிக்கைகளையும் எழுதுகிறேன்; அவை எந்த மணியோசையில் கரைந்துபோகும் என்பதை எழுதும்போதே அறிவேன். இப்போதெல்லாம் தட்டலுக்கும் நேரம் ஒதுக்குகிறேன். ஒதுக்கினால் அதையும் நிரப்பும் அளவுக்குத் தட்டுகிறார்கள்.

கண்ணாடிக்கு எதிரே

செல்வி அடுத்த கூட்டத்தொடர் வரை காத்திருக்கவில்லை. புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு, எதிர்ச் சாரிக் கடையில் சேர்ந்தார் என்று கஸ்தூரி அக்கா தொலைபேசியில் சொன்னார்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் தெருவை நிறைத்திருந்த ஒரு நாள், மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து என்னைத் தள்ளிக்கொண்டே வந்து அந்தக் கடை வாசலில் விட்டது ஜனக்கூட்டம். இரண்டாவது மாடி. சேலைப் பிரிவு. தெருவைப் பார்த்த கண்ணாடிச் சுவரை ஒட்டி, மார்பளவு உயரத்துக்குச் சேலைகள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் பின்னே செல்வி நின்றார்.

நின்றபடி பேசத் தொடங்கினேன். செல்வியின் கண்கள் என் தோளுக்குப் பின்னால் போயின. சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி சட்டென்று குனிந்து, அடியிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்து என் முன்னால் போட்டார். அதன் மேலிருந்த பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழிக்கப்படவில்லை.

“உக்காருங்க சார். சும்மா நின்னு பேசுனா என்னையத்தான் கேப்பாவ. எடுக்க வந்த மாதிரி உக்காருங்க.”

ஊழியர்களுக்கென்று சட்டம் வாங்கிக்கொடுத்த ஸ்டூல் அது. நான் உட்கார்ந்தேன்.

செல்வி ஒரு சேலையை எடுத்து விரித்தார். காட்டுவதற்குத் தேவையானதைவிட உயரத் தூக்கி விரித்தார். முந்தானை கண்ணாடியை மறைத்தது. இறக்கினார். மறுபடியும் தூக்கினார். ஏன் இப்படி என்று கேட்டேன். கையை நிறுத்தாமல் சொன்னார்:

“எதுத்தாப்புல ரெண்டாவது மாடிலதான் முத்து நிக்கா. நான் சேலைய ஒசத்துனா, நான் இங்கன இருக்கேன்னு அவளுக்குத் தெரியும். அவளும் ஒசத்துவா.”

“விடுதியில்?”

“தனியாத்தான் படுக்கா சார்.”

அடுத்த சேலையை எடுத்தார். மாம்பழ நிறம், பச்சைக் கரை. கைகள் முழுவதும் நீளும்படி விரித்துப் பிடித்துக்கொண்டு, தோளுக்கு மேல் திரும்பி, கண்ணாடிக்கு அப்பால் எங்கோ பார்த்தார். முகத்தில் ஏதோ அசைந்தது. பதில் வந்துவிட்டதா என்று கேட்டேன். அதற்குள் ஓர் அம்மாள் வந்து கல்யாணச் சேலை கேட்க, செல்வி அவர் பக்கம் திரும்பிவிட்டார்.

நானே பார்த்துக்கொள்ளலாம் என்று தலையை நிமிர்த்தினேன். அடுக்கிவைத்த சேலைகள் என் கண்ணுக்கு மேலே எழும்பி நின்றன. உட்கார்ந்திருந்த எனக்கு எதிர்க்கடை தெரியவில்லை.